சீஃப் வீட்டு ஒரு பவுண்டு நோட்டுகள்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை யாரும் லட்சக்கணக்கில் வாங்குவதில்லை. 786 என்று முடிகிற நோட்டுக்காகத் துபாயில் எந்த ஷேக்கும் காத்துக் கிடக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் பழைய நோட்டு வேலை பார்த்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து இராமநாதபுரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது இதைத்தான். என் நாத்தனாரே போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நோட்டின் நடுவில் குழம்புக் கறை. "மதினி, இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டிருந்தாள். "அஞ்சு ரூபாய்க்குப் போகும், கடைக்காரன் வாங்குனா" என்று பதில் போட்டேன். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது வரலாறு படிக்கிற சில கல்லூரிப் பெண்கள். வரும்போதே போனில் ஒரு செயலியோடு வந்தார்கள். நோட்டைப் படம் எடுத்தால் வங்கி, வருஷம், விலை எல்லாம் அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே இந்த வேலைக்கு ஆளே தேவைப்படாது மேடம், அதனால நீங்க உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றாள் ஒருத்தி. நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் உயிரோடு இருக்கும்போதே என் படத்துக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. படிக்கிறவர்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி எழுத வேண்டுமாம். அதற்கு அவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊர் கீழக்கரை என்று எழுதுவதைக்கூட அப்படியே நம்ப வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் வீட்டில். வீட்டுக்காரர் கப்பலில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஹபீப் மரைக்காயர். ஊரில் எல்லோருக்கும் அவர் சீஃப். மாடியில் ஓர் அறை முழுக்க ஸ்காட்லாந்து நாட்டின் பழைய பணத்தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, விவரம் எழுதி, எண் கொடுத்து, அட்டவணை ஆக்குவது என் வேலை. ஊரில் அந்த வீட்டுக்கு 'நோட்டு வீடு' என்று பெயர். மாடியில் கள்ள நோட்டு அடிக்கிறார்கள் என்று நம்பியவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் என் மாமனார்.

ஏன் ஸ்காட்லாந்து? இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் அதற்கு மேல் 'போலீசுக்குப் பேர் போன ஊர்தானே' என்பார்கள். சீஃப் இளவயதில் போன கப்பல் அடிக்கடி கிளாஸ்கோ துறைமுகத்தில் பழுது பார்க்க நிற்கும். சம்பளத்தில் கொஞ்சம் அங்கேயே கையில் கிடைக்கும். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் அரசாங்க வங்கி அல்லாத சில வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு வங்கி இருந்தது. சீஃப் அந்த நோட்டைக் கொண்டு லண்டனில் ஒரு கடையில் சட்டை வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நீட்டியிருக்கிறான். "அதே நாடு, அதே பவுண்டு, ஆனா வாங்க மாட்டேங்குறான். சரி, நீ வாங்காததை நான் வாங்கிக்கிறேன்டா" என்று அன்றைக்கு ஆரம்பித்ததாம். சட்டை வாங்காமல் வந்த கோபத்தில் ஒரு மனிதர் ஆயுள் முழுக்க நோட்டு சேர்த்தார்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வரலாறு படித்திருந்தேன், கையெழுத்து சுமாராக இருக்கும். வேலை கேட்டுப் போன அன்று சீஃப் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதத்தை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துவிட்டு, என் அய்யா என்ன பயிர் போடுகிறார், மழை உண்டா என்று பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கை வியர்க்காது. அந்த ஒரே காரணத்துக்காக எனக்கு வேலை கிடைத்தது. முதல் வருஷம் முழுக்க நோட்டைத் தொட விடவில்லை. பழைய செய்தித்தாளைக் கிழியாமல் திருப்பப் பழகினேன். அதற்கும் சம்பளம் கொடுத்தார், எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை.

அந்த அறையின் சட்டங்களை எழுதினால் இப்போதுகூட எரிச்சல் வருகிறது. தலையில் எண்ணெய் கூடாது. பூ கூடாது. மோதிரம், வளையல் கூடாது. மீன் சாப்பிட்ட கையை மூன்று தரம் கழுவினாலும் அவர் முகர்ந்து பார்க்காத குறைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டு வெளியே இருக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. கத்திரி வெயிலில், கடல் காற்றுக்கு ஜன்னலும் திறக்காமல், உப்பு ஈரம் உள்ளே வரக் கூடாது என்று ரப்பர் பட்டை ஒட்டிய கதவை மூடிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து விசிறியைப் போடுவேன். திரும்பி வந்து அறையை ஒரு சுற்றுப் பார்ப்பார். "ராணி, இன்னைக்குக் காத்து எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்பார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. திட்டவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

விவரம் எழுதுவதற்கு ஒரு வரிசை உண்டு. வங்கி, ஊர், மதிப்பு, தேதி, எண், கையெழுத்து, அச்சடித்தவர், கடைசியில் நிலை. நோட்டைத் தட்டையான அட்டை மேல் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மடிப்புகள் எல்லாம் எழுந்து நிற்கும். பிறகு விளக்கை அடியில் வைத்தால் ஊசித் துளைகள் தெரியும். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் நோட்டுகளைச் சேர்த்து ஊசி குத்துவார்கள். சில நோட்டுகள் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். வழியில் திருடு போகாமல் இருக்கப் பாதியை ஒரு தபாலிலும் மறு பாதியை அடுத்த தபாலிலும் அனுப்புகிற வழக்கம் இருந்தது. 'கிழிந்த நோட்டு' என்று நான் எழுதிய அட்டையை சீஃப் என் முன்னால் வைத்து, "கிழிஞ்சதா, வெட்டுனதா? வெட்டுன கை தெரியுதா பாரு" என்றார். மூன்று நாள் அந்த ஒரு நோட்டோடு போராடினேன். 'நன்றாக உள்ளது', 'அழகான நோட்டு' என்றெல்லாம் எழுதினால் அட்டை குப்பைக்குப் போகும்.

எழுதவே கூடாத ஒன்று விலை. வாயாலும் சொல்லக் கூடாது. "வாரவனுக்குத் தண்ணி குடு, டீ குடு, விலையை மட்டும் குடுக்காத" என்பார். விலை என்ற சொல் அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. அதுதான் பின்னால் எல்லாத் தொந்தரவுக்கும் காரணமானது.

சீஃபுக்கு மனைவி இல்லை, மகள் ஜுனைதா சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். இரண்டு மகன்கள். மூத்தவர் நவாஸ் துபாயில் கணக்கு வேலை, இளையவர் சென்னையில். ஜுனைதா மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தாள். தலையில் எண்ணெய் வைத்த பிள்ளை என்பதால் அறைக்குள் அனுமதி இல்லை. சாயங்காலம் வாசல் படியில் நிற்பாள். சீஃப் ஒரே ஒரு பவுண்டு நோட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து அவளிடம் காட்டுவார். எப்போதும் ஒரு பவுண்டுதான். டண்டீ, பெர்த், ஏர் என்று எப்போதோ மூடிப்போன சின்ன ஊர் வங்கிகளின் நோட்டுகள். அந்த ஊரில் ஆறு எந்தப் பக்கம், துறைமுகத்தில் என்ன ஏற்றினார்கள், மழை எப்படிப் பெய்யும் என்று சொல்வார். வேறு எதற்கும் அந்த மனிதர் பெண்ணோடு உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. மதுரைக்குப் போகும் முன்பே அவளுக்கு ஸ்காட்லாந்தில் பத்து ஊர் தெரியும். அவள் கல்யாணமாகி அதே தெருவில் குடியேறிய பிறகும் சாயங்காலம் வந்து படியில் நிற்பாள்.

சீஃப் இறந்த பிறகு, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மகன்கள் வந்திருந்தார்கள். என்னை அட்டவணையோடு கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நவாஸ் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

"ராணியக்கா, கணக்கு நேரானது. மார்க்கப்படி ஆம்பளப் புள்ளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளப் புள்ளைக்கு ஒரு பங்கு. நோட்டு மேல என்ன போட்டிருக்கோ அதைக் கூட்டி அஞ்சாப் பிரிச்சிட்டேன். அந்தந்த பேங்க்ல குடுத்தா இன்னைக்கும் அந்தக் காசு கிடைக்கும்."

நூறு பவுண்டு, ஐம்பது பவுண்டு நோட்டுகள் சீஃப் தன் சம்பளத்தில் எடுத்து வைத்தவை. நேற்றைய நோட்டுகள், எங்கேயும் கிடைக்கும். ஒரு பவுண்டு நோட்டு ஏழைகளின் கையில் புழங்கிப் புழங்கி நைந்து போனது. நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்குப் பிறகு தப்பிப் பிழைத்தது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கொடுத்துக் காசு வாங்க அந்த வங்கிகளே இப்போது இல்லை. நவாஸ் போட்ட கணக்கில் பெரிய நோட்டெல்லாம் அண்ணன் தம்பிக்கு, சில்லறை என்று ஒரு பவுண்டு நோட்டு அத்தனையும் தங்கைக்கு. கணக்கு படித்தவர் ஒருவர் பழம்பொருளை ரொக்கம் மாதிரி பிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நோட்டு மேல போட்டிருக்கறதப் பாத்துப் பிரிக்கக் கூடாது தம்பி" என்றேன்.

"பின்ன எதை வச்சுப் பிரிக்க? விலையா? வாப்பா இந்த வீட்டுல விலையப் பேச விட்டிருக்காங்களா?"

ஜுனைதாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தபடி, "எனக்குச் சம்மதம் காக்கா" என்றாள் அண்ணனிடம். நவாஸ் நல்லவர். தங்கைக்கு எண்ணிக்கையில் நிறைய வருகிறது என்று சொல்லி ஆறுதல் வேறு சொன்னார். நான் இரண்டாவது முறை வாய் திறக்கவில்லை. ஒரு முறை சொன்னேன், கேட்கவில்லை. ஒரு பவுண்டு நோட்டுகள் பிரியாமல் ஒரே வீட்டில், அதுவும் அவற்றின் பெயர் தெரிந்தவள் வீட்டில் இருக்கும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இதற்காக இன்றைக்கும் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

அந்த நிம்மதி மழைக்காலம் வரைதான். அண்ணன்மார் தங்கள் பங்கைச் சென்னையில் ஒரு வியாபாரியிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் நூறு பவுண்டு நோட்டுகளைப் புரட்டிவிட்டு, என் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, "இதெல்லாம் சரி, ஒரு பவுண்டு நோட்டுகள் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார். நவாஸ் திருப்பிக் கேட்கவில்லை. பங்கு பிரித்தது பிரித்ததுதான் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தொகையை ஜுனைதாவின் கணவர் இர்ஃபானிடம் போனில் சொல்லிவிட்டார். அதற்குச் சும்மா இருந்திருக்கலாம்.

இர்ஃபான் சவூதியிலிருந்து திரும்பி வந்து ஏர்வாடியில் யாத்ரீகர்களுக்கு ஒரு லாட்ஜ் கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தவர். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாத, கடினமாக உழைக்கிற மனிதர். தொகையைக் கேட்ட அன்றே லாட்ஜுக்கு மூன்றாவது மாடி ஏறிவிட்டது. என்னைக் கடைத்தெருவில் பார்த்து, "அக்கா, கிழிஞ்ச காகிதத்துக்குள்ள இம்புட்டு வச்சிருந்தாக மாமா, ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். வியாபாரி வியாழக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜுனைதாவைக் கேட்டீர்களா என்றேன். "அவ என்ன சொல்லப் போறா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஜுனைதா போன் செய்தாள்.

"அக்கா, நோட்டுக்கு ஆகாதது எல்லாம் என்னென்ன? வரிசையாச் சொல்லுங்களேன்."

கொடுக்கிற வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கக் கேட்கிறாள் என்று நினைத்து எனக்கு மனசு கரைந்தது. வெயில், ஈரம், கை எண்ணெய், செல்லோ டேப், இஸ்திரிப் பெட்டி என்று ஒரு பாடம் எடுத்தேன்.

"இதுல எதுக்குக்கா மருந்தே கிடையாது?"

"லேமினேஷன். சூட்டுல பசை உருகி நோட்டோட இழைக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் நீ சும்மா குடுத்தாலும் வியாபாரி வாங்க மாட்டான். நம்ம ஊருல ரேஷன் கார்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் லேமினேட் பண்ணி வச்சிருக்காகள்ல, அந்தப் புத்தி மட்டும் உனக்கு வந்துராம."

"சரிக்கா. வியாழக்கிழமை நீங்களும் வாங்க. தனியா இருக்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கும்போது வாசலில் வியாபாரியின் கார் நின்றது. உள்ளே கூடத்து மேசையில் ஒரு பவுண்டு நோட்டுகள் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள், மூலை நான்கும் வட்டமாக வெட்டி, பளபளவென்று. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்காரன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். ஒன்றுகூட விடவில்லை. டண்டீ நோட்டின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், நகரவில்லை.

"பத்திரமா இருக்கட்டும்னு பண்ணிட்டேன்னு சொல்றா" என்றார் இர்ஃபான், தலையில் கை வைத்தபடி. "குடுக்கப் போற பொருளாச்சே, நல்லாக் குடுப்போம்னு பண்ணுனாளாம்."

வியாபாரி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இவங்களுக்கு என்னங்க தெரியும்? வீட்டுப் பொம்பளைங்க கையில இந்த மாதிரிப் பொருளைக் குடுத்தது உங்க தப்பு" என்று இர்ஃபானுக்குப் புத்தி சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார். அடுக்களை வாசலில் நின்ற ஜுனைதா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

நான் விடுவிடுவென்று அவள் பின்னால் அடுக்களைக்குள் போனேன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? எதைச் செய்யாதன்னு சொன்னேனோ அதைப் போய்ச் செஞ்சு வச்சிருக்க."

"சொன்னீங்கக்கா" என்றாள். "அதான் செஞ்சேன்."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் கோபம் குறையவில்லை, கூடியது. இருநூறு வருஷம் தீக்கும் தண்ணீருக்கும் எலிக்கும் தப்பி, கடல் தாண்டி வந்து, விசிறிகூட இல்லாத அறையில் நான் வெந்து வெந்து காப்பாற்றியவை அவை.

"அதுக்கு இதுவா வழி? உன் பங்கு அது. முடியாது, குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா யாரு உன்கிட்ட இருந்து பிடுங்கப் போறா?"

ஜுனைதா என்னை நேராகப் பார்த்தாள். "முடியாதுன்னு சொன்னாக் காதுல வாங்குற வீடா இருந்தா, நான் எதுக்குக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போறேன்?"

எங்கள் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போட என் சங்கிலியைக் கேட்டபோது, ஊரையெல்லாம் எதிர்த்துப் பேசுகிற இந்த வாய் திறக்கவே இல்லை. நானே கழற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு இவளுக்கு இருந்த யோசனை எனக்கு வரவில்லை.

கூடத்திலிருந்து இர்ஃபான், "ராணியக்காவுக்கு டீ குடுத்தியா?" என்று குரல் கொடுத்தார். ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் முகத்தோடு டம்ளரை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். இர்ஃபான் பெர்த் நோட்டைக் கையில் வைத்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க இதுலயே ஊறுனவுக. நீங்க சொல்லுங்க, இதைப் பிரிச்சு எடுக்க ஏதாவது வழி இருக்கா?"

அரை வழி இருக்கிறது. வெளிநாட்டில் காகிதம் காக்கிற சிலர் ரசாயனத்தில் ஊறவைத்துப் பொறுமையாகப் பிரிக்கிறார்கள். எல்லாம் தேறாது, சிலது தேறும். யாருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஜுனைதா டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்ல தம்பி" என்றேன். "வழியே கிடையாது."

அவர் அதை நம்பினார். நான் டீயை வாங்கிக் குடித்தேன்.